அறுபத்திரண்டு கிண்ணங்கள்

செந்தூலில் மூன்றாம் நாளாகத் தண்ணீர் இல்லை.
ஆற்றில் யாரோ எண்ணெய் ஊற்றிவிட்டார்களாம்.
குழாயைத் திறந்தால் ஓர் இருமல், அவ்வளவுதான்.

ஆலயத்தின் பின்கட்டில்
திருவிருந்துக் கிண்ணங்கள் தட்டில் காத்திருந்தன.
கட்டைவிரல் உயரக் கண்ணாடி.
மாதம் ஒருமுறை வெளியே வருபவை;
மற்ற நாளெல்லாம் அலமாரியில், பல்லிகளின் பொறுப்பில்.

பதினோரு வருடமாக இது என் வேலை.
இருபது வயதில் முழங்காலில் நின்று
எங்கே வேண்டுமானாலும் போகிறேன் என்று அழுதவள் நான்.
நேபாளம் என்று நினைத்தேன், குறைந்தது சபா.
இந்தத் தொட்டிக்கு அனுப்பினார்.

டிஷ்யூவால் துடைத்து வைத்தாலும் மின்னும்.
யாருக்குத் தெரியப் போகிறது என்று
வாய்விட்டுக் கேட்டதுதான் தப்பு.
காலி ஆலயத்துக்குக் காது கூர்மை.

இரண்டு வாளியோடு இறங்கினேன்.

பிளாக் சி வாசலில் தண்ணீர் லாரி.
தலையில் துண்டு கட்டிய மக்சிக்,
பெயிண்ட் டின் ஏந்திய வங்காளதேசப் பையன்கள்,
எனக்குப் பின்னால்
ஒரு சோற்றுப் பானையோடு ஆசீர்வாதம்.

பெயரே அதுதான்.
பதினாலு பேரின் சீட்டுப் பணத்தோடு ஜொகூருக்குப் போனவன்.
அதில் நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி
என் கெத்சியாள் பாலிடெக்னிக் போக வேண்டிய பணம்.
அவள் இப்போது கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
இரண்டு வருடம் கழித்துத் திரும்பினான்,
சர்க்கரையில் ஒரு கால் கட்டுப்போட்டபடி.
கடைசி பெஞ்சில் உட்காருவான்.
ஜெபக் கூட்டத்தில் அவனை மன்னித்தேன், மைக்கில்.
மைக் இல்லாமல் இன்னும் இல்லை.

என் இரண்டாம் வாளியோடு
லாரி காற்றைத் துப்பியது. தீர்ந்துவிட்டது.
அவன் பானைக்குள் எட்டிப் பார்த்தான்,
தண்ணீர் தானாக ஊறும் என்பதுபோல.

கொடு.

இடியில்லை, குரலில்லை.
சாப்பாட்டில் கல் கடிபட்டாற்போல அந்த ஒரு சொல்.
ஆண்டவரே, இது உம்முடைய கிண்ணங்களுக்கு, என்றேன்.
உம்முடைய வேலைக்குத்தானே சுமக்கிறேன், என்றேன்.
சொன்னதையே திரும்பச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

வாளியையே கொடுத்தேன் என்று எழுத ஆசை.
பானை நிறையும் மட்டும் ஊற்றினேன், முகம் பாராமல்.
பானை சின்னது.
அதற்காக ஸ்தோத்திரம் சொன்னேன் என்பதையும்
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.
அக்கா, என்றான்.
அதற்குமேல் என்னவோ இருந்தது.
நான் நடந்துவிட்டேன்.

கழுவும்போதுதான் உறைத்தது:
நாளை இதில் எதை அவன் எடுப்பான்?
தட்டு கைமாறிக் கைமாறிப் பின்னால் போகும்போது
கடைசி பெஞ்சுக்கு எது மிஞ்சும், யார் கண்டது.
அப்படியானால் ஒவ்வொன்றையும்
அவனுடையதென்றே கழுவ வேண்டும்.
அறுபத்திரண்டு தடவை.
முப்பதில் விரல்நுனி சுருங்கியது, கோபமும் கொஞ்சம்.
நாற்பத்தேழில் கோபம் திரும்பி வந்து
பக்கத்தில் நின்றது. கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை.
ஒரு கிண்ணம் நிறைந்தபடியே திரும்பியது.
கால் வலியோ.
அல்லது நான் திருப்பாத முகமோ.

நாலு மணி மழைக்குப் பின்
குழாயில் தண்ணீர் வந்தது, செம்மண் நிறத்தில்.
தெளியும்வரை நின்று
அறுபத்தொன்றைக் கழுவினேன்.
போதகரிடம் கேட்டேன்.
தட்டையும் என்னையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

டிஷ்யூவில் ஒரு துண்டு அப்பம்.
உள்ளங்கையால் மூடிய ஒரு கிண்ணம்.
பிளாக் சி, ஒன்பதாம் மாடி, லிப்ட் பழுது.
நாலாயிரத்து எண்ணூறு
ஒவ்வொரு திருப்பத்திலும் என்னோடு ஏறுகிறது.

சிந்தக் கூடாது.
மெதுவாகத்தான் ஏற முடியும்.