தொட்டுக்க

சுருளிப்பட்டியில் ஏற்றும்போது அது
பன்னீர் திராட்சை. எட்டுப் பெட்டி.
காம்பில் பச்சை இருக்க வேண்டும் த்ரேசியாம்மாவுக்கு.
தோலில் பூத்த சாம்பல் படலத்தை
யாரும் துடைத்துவிடக் கூடாது,
பொங்கவைப்பதே அதுதானாம்.
அதனால் கொண்டையூசி வளைவுகளில்
பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப்போவதுபோல் ஓட்டுகிறேன்.

குமுளிச் சாவடியில் காவலர்
இரண்டு பழம் வாயில் போட்டு
கொட்டையைத் துப்பிக் கை காட்டுகிறார்.
பழத்துக்குச் சட்டம் இல்லை.

அவள் வீட்டுப் பின்கட்டில் இடுப்புயர ஜாடி.
ஒரு வரிசை பழம், ஒரு வரிசை சீனி,
ஒரு கை கோதுமை, பட்டை, ஏழே ஏழு கிராம்பு.
வாயில் வேட்டித்துணி கட்டி இருட்டில் வைத்து
தினமும் ஒரே நேரம், ஒரே பக்கமாகக் கிண்டுவாள்.
காது வைத்துக் கேட்டேன் ஒருநாள்:
தூரத்துச் சந்தை மாதிரி
உள்ளே சின்னச் சின்ன இரைச்சல்.

இருபத்தொன்றாம் நாள் வடித்து
பழைய நன்னாரி சர்பத் பாட்டிலில்
வாடகையோடு எனக்கும் ஒன்று கொடுத்தாள்.
"தாராவு வறுத்துக் கழிக்கணும் இதுக்கு" என்றாள்.
கப்பையும் போத்திறைச்சியும் என்றார் குரியாச்சன்.
பிடியும் கோழியும், அது காலைக்கு.
புளி போட்ட மீன் மட்டும் ஆகாது, சண்டை பிடிக்கும்.
அந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை.

"எங்க நாட்டு ஒயினாக்கும்."
நான் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.
இவர்கள் மலையில் பெய்து
குழாய் வழியே எங்களிடம் இறங்கிய தண்ணீர்,
பழமாகி ஏறி வந்தது,
இப்போது ஜாக்கி மூட்டைக்குள்
மறுபடியும் இறங்குகிறது.

அதே சாவடி. அதே காவலர்.
ஏறும்போது சரக்கு,
இறங்கும்போதும் சரக்கு.
தமிழில் ஒரே சொல்தான்,
சட்டத்தில்தான் இரண்டு.
வியர்வையைத் துடைக்காமல் சிரித்து வைத்தேன்.

வீருசின்னம்மா நாள் முழுக்கப் பந்தலடியில்
அண்ணாந்து கொத்து வெட்டி வந்திருந்தாள்.
கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே குடித்தாள்.
டம்ளரைக் கீழே வைக்கவில்லை.
"மோட்டார் ரூமுக்கு மேக்கால பந்தல்.
மழைக்கு வெடிச்ச பழமும் கெடக்கு இதுல."
பன்னிரண்டு வருசமாக வெட்டுகிறவள்,
இப்படி அதைப் பார்ப்பது இதுதான் முதல்.

"தொட்டுக்க என்ன சொன்னாக?"
வாத்து என்றேன்.
அடுக்களையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
மொச்சையைப் பூண்டோடு வறுத்தாள்,
உப்புத் தூக்கலாக, வரமிளகாய் கிள்ளி.
ஒரு மொச்சை, ஒரு மிடறு.
இனிப்பின் முதுகில் உப்பு ஏறி உட்கார்ந்ததும்
அடியில் ஒளிந்திருந்த துவர்ப்பு
எழுந்து வந்து பெயர் சொன்னது.
இரண்டாம் டம்ளரில்
நாங்கள் கடன்காரரைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்த நடைக்குப் பெட்டி மேல் ஒரு பொட்டலம் வைத்தாள்.
"அந்தச் சேச்சிகிட்டக் குடு. வாத்துக்கு எவ்வளவு செலவாகும் பாவம்."

சாவடியில் காவலர் பொட்டலத்தைப் பிரித்தார்.
ஒரு பிடி அள்ளி மென்றார்.
கண்ணை மூடினார்.
இன்னொரு பிடி.
"இதுக்கு என்னமோ ஒண்ணு கொறையுதேப்பா" என்றார்.

நான் கியரைப் போட்டேன்.