அறுபது பருத்தி, நாற்பது பாலியெஸ்டர்

வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
துணி லேபிள் அச்சடிக்கும் கடையில் எனக்கு வேலை.
நாளைக்கு ஒன்பதாயிரம் முறை
ஒரே சொல் என் விரலுக்கடியில் ஓடுகிறது:
சின்தெசி.
அறுபது பருத்தி, நாற்பது பாலியெஸ்டர்.
வெதுவெதுப்பான நீரில் துவைக்கவும். முறுக்கிப் பிழியாதீர்.

கிரேக்கத்தில் அது பெரிய சொல் ஒன்றும் இல்லை.
ஞாயிறு காலை காபிக்கடைக் கண்ணாடியில்
திராசோஸ் ஒட்டுகிற பதினோரு பெயரும் சின்தெசிதான்
(கோல்காப்பாளருக்கு முழங்கால் வீக்கம்,
இந்த வாரம் பத்துப் பெயரும் ஒரு கேள்விக்குறியும்).
லாரிசா ரயிலுக்கு எத்தனை பெட்டி, எது எதன் பின்னால் என்று
கொக்கி மாட்டும் லாசாரிஸ் பலகையில் கிறுக்குவதும் அதுவே.
மேல்மாடிப் பையன் பியானோவில்
மூன்று மாதமாக முடிக்காமல் வைத்திருப்பதும்.

பிரித்தால் இரண்டு துண்டு.
‘சின்’ என்றால் உடன். பள்ளிப் பிள்ளைக்கு அது கூட்டல் குறி:
இரண்டு சின் மூன்று ஐந்து.
‘தேசி’ என்றால் வைத்த இடம்;
பஸ்ஸில் கேட்டால் இருக்கை.
“தேசி இருக்கா?”
“இருங்க, பையை எடுத்துடறேன்.”
இவ்வளவு பழைய சொல்லின் வயிற்றுக்குள்
யாரோ ஒருவர் கொஞ்சம் தள்ளி உட்கார்கிறார்.

அந்தச் சின்னின் கடைசி மெய்க்கு இளகிய சுபாவம்.
குரலோடு சேர்ந்தால் ‘ம்’ ஆகிவிடும், சிம்ஃபொனி.
பேச்சோடு சேர்ந்தால் ‘ல்’ ஆகிவிடும், சில்லொகோஸ், அதாவது சங்கம்.
தேசியின் முன்னால் மட்டும் அதற்கு என்னவோ பிடிவாதம்.
திரியாது, கெடாது.
வா, உட்கார், நான் நானாகவே இருக்கிறேன் என்கிறது.

வானொலியில் ஒரு தத்துவப் பேராசிரியர்:
முதலில் ஒரு நிலை, அதற்கு எதிர்நிலை,
இரண்டும் மோதி உயர்ந்தெழுவது சின்தெசி.
எங்கள் வீட்டில் முதல் இரண்டும் ஒழுங்காக நடந்தன.
சாஃபிரிஸ் ஒரு நிலை. நான் எதிர்நிலை.
ஒன்பது வருடம்.

எதிர்வீட்டுப் பொலிக்சேனிக்கு மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை.
பதினான்கு படிகளில் ஒரு மூலக்கூறைக் கட்டுகிறாள்.
நூறு கிராம் உள்ளே போனால் மூன்று கிராம் வெளியே வருமாம்,
அதற்கே கேக் வாங்கிக் கொண்டாடுகிறார்கள்.
லிஃப்டில் கேட்டேன், சேர்வதில் அப்படி என்ன கஷ்டம்?
“அமிலமும் ஆல்கஹாலும் கைகோத்தால்
ஒரு துளி தண்ணீர் வெளியே வரும்.
அதை உடனுக்குடன் எடுத்துவிட வேண்டும்.
விட்டால், சேர்ந்தது மெல்லத் திரும்பிப் பிரிந்துவிடும்.
பாலியெஸ்டர்கூட அப்படித்தான் செய்கிறார்கள்.”
நான்காம் மாடி. கதவு திறந்தது.
இறங்கினேன், அது என் மாடி இல்லை.

தெருவின் நாரத்தை மரங்கள்
தண்ணீரை உடைத்து, வெயிலைப் பின்னி,
ஓசையில்லாமல் அதையே செய்துகொண்டிருக்கின்றன.
அந்த இலைகளுக்கு யாரும் லேபிள் கேட்பதில்லை.

நவம்பரில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள்.
தலைமுடி நனைந்திருந்தது. அட்டையில் பெயர் அஸிமூலா.
“வீட்டின் சின்தெசி?” என்றாள்.
“ஒன்று.”
பேனா நின்றது.
“ஒன்றுக்கு அந்தச் சொல் பொருந்தாது,
ஆனால் படிவத்தில் வேறு சொல் இல்லை” என்றாள்,
தான் செய்த தவறு போல.
மேலே இன்னும் மூன்று மாடி பாக்கி அவளுக்கு.
உட்கார்ந்து எழுதலாமா என்று கேட்டாள்.

நாற்காலியில் சாஃபிரிஸ் விட்டுப்போன சட்டைகள்,
மார்ச்சிலிருந்து, மடித்தபடியே.
தூக்கிக் கட்டில்மேல் வைத்தேன்.
அவள் குடையிலிருந்து தரையில்
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

துணி எடுத்து வந்து துடைத்தேன்.
மறுபடி சொட்டியது.
மறுபடி துடைத்தேன்.