இணைப்பெயர்

குளூனி சாலையில், மூன்றாம் மாடியில்,
உலர்ந்த செடிகளைத் தாளில் தைக்கிறேன்.
பதினாறு டிகிரி. ஜூலையிலும் கம்பளிச் சட்டை.
முடிச்சு பின்பக்கம் விழவேண்டும்.
ஓரிலையாவது முதுகு காட்டிக் கிடக்கவேண்டும்.
உதிர்ந்த பூவுக்குச் சின்னக் காகித உறை.

தைத்துத் தைத்தே விதிகளைக் கற்றேன்.
முந்தி அச்சேறிய பெயருக்கே நாற்காலி.
விவரணை இல்லாமல் வந்த பெயர் அம்மணம்,
அதை யாரும் சட்டை செய்யவேண்டாம்.
பேரினத்தின் பெயரையே இனத்துக்கும் சொல்லலாகாது,
விலங்குக்காரர்கள் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும்.
சன்னலுக்கு வெளியே மழை சலசலக்கிறது;
செடிக்கு மட்டும் இரட்டைக்கிளவி கூடாது.
ஆணைச் சிறப்பித்தால் ஒரு வால், பெண்ணுக்கு வேறு வால்.
லத்தீனும் நம்மைப் போல விகுதி பார்க்கும் மொழிதான்.

ஒரு பெயருக்கு ஒரு தாள் ஜாமீன்.
மூலப்படி என்பார்கள்.
அதற்குச் சிவப்பு உறை, தனி அலமாரி.

நீ சூன் சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்று
ஜுல்கர்னைன் அறுத்து வந்தான் ஒரு கொடியை.
காம்பில் துருநிற மயிர், காயில் ஐந்து வரம்பு.
டாக்டர் சியா எட்டு மாதம் தேடினார்,
எந்தப் பட்டியலிலும் இல்லை.
"பதினேழு வருஷமாகத் தைக்கிறாய்,
உன் பெயரை வைக்கிறேன்" என்றார்.

என் பெயரா?
செம்பவாங் கப்பல் பட்டறையில்
வேலைநிறுத்தத்தின் ஆறாம் நாள் பிறந்தேன்.
அப்பா வைத்தது செங்கொடி.
பதிவேட்டில் ஏறியது ஆங்கில எழுத்தில்.
அந்த எழுத்துக்குக் குறிலும் தெரியாது, நெடிலும் தெரியாது.
பள்ளியில் நான் செங்கோடி.
"எங்கேடி உன் கோடி?" என்பாள் வகிதா,
என் இரண்டு காசு ஐஸ் பந்தை நக்கிக்கொண்டே.
அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை,
எல்லாவற்றிலும் கோடீஸ்வரி.

அச்சான கட்டுரையில் எனக்கு ஒரு பெண்பால் வால்.
பதினான்கு மாதம் இனமாக இருந்தேன்.

பிறகு லெய்டனிலிருந்து ஒரு கடிதம்.
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கில்,
சுமத்ராவில், இதே கொடி,
ஒரு தோட்டத்துரை மனைவியின் பெயரில்.
இரண்டே வரி விவரணை. இரண்டு வரி போதும்.
அவள் சதுப்பில் கால் வைத்திருக்கமாட்டாள்.
நானும்தான் வைத்ததில்லை.
கொண்டுவந்தவன் பெயர் அந்தத் தாளில் இல்லை,
'உள்ளூர் ஆள்' என்றிருந்தது.

டாக்டர் சியா இரண்டு ஆங் கூ குவே வாங்கி வந்து
மேசையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.
ஒன்றைத் தின்றேன். கடலை வைத்தது.

இப்போது சமக்குறிக்குப் பின்னால் நிற்கிறேன்.
இணைப்பெயர்.
ஆனால் அழிக்க எவருக்கும் அதிகாரம் இல்லை.
சிவப்பு உறையிலிருந்து என் தாளை எடுக்கமாட்டார்கள்.
அந்தப் பேரினத்தில் வேறெந்தக் கொடிக்கும்
இனி இப்பெயர் சூட்டமுடியாது;
சூட்டினால் செல்லாது.
நாளைக்கே யாராவது சுமத்ராத் தாளை
நுண்ணோக்கியில் வைத்து,
வரம்பு ஐந்தில்லை, நான்கு என்று எண்ணினால்
நான் எழுந்து வந்துவிடுவேன்.
எண்ணட்டுமே.

பழைய சீட்டைக் கிழிக்கக்கூடாது,
புதியதைப் பக்கத்தில்தான் ஒட்டவேண்டும்.
ஒட்டினேன். துரைசானியின் பெயர், தேதி,
சியாவின் கையெழுத்து.
பசை காயும் வரை காத்திருந்தபோது
பழைய சீட்டில் என் பெயரைப் படித்தேன்.

சுவடிக்காலத்தில் குறில் ஒகரத்துக்கு
மேலே ஒரு புள்ளி வைப்பார்களாம்.
லத்தீன் பெயரில் அப்படிப்பட்ட மேற்குறிக்கு
இடமில்லை என்கிறது விதி.

பென்சில்தான்.
ஒரு புள்ளி.
அறையில் வேறு யாரும் இல்லை.