நாகர்பள்ளம் வரைக்கும்

அஞ்சே காலுக்கு அடிவாரத்தில் வண்டியை நிறுத்தும்போது
டீக்கடைச் சின்னராசு குரல் கொடுக்கிறான்:
"பேருல இருந்த பாதி
இப்பத்தானுங் ஒடம்புக்கு வந்துருக்குது."
திருச்செங்கோட்டில் பிறந்து
அர்த்தநாரி என்று பெயரும் இருந்தால்
இதையெல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நூற்று நாற்பத்திரண்டு கிலோ இருந்தேன்.
கோயமுத்தூரில் வயிற்றை வெட்டி
ஒரு வாழைப்பழ அளவுக்குத் தைத்து அனுப்பி
ஐந்து மாதம்.
இன்றைக்குத் தொண்ணூற்றெட்டு.

முதல் நூறு படி ஒன்றும் தெரியவில்லை.
இருட்டில் கால் தானாக ஏறுகிறது.
என்னை விட்டுப் போன நாற்பத்து நாலு கிலோ
கீழே சின்னராசு கடையில் வடை தின்றுகொண்டிருக்கும்
என்று நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

அப்புறம் தொடையில் தொடங்குகிறது.
வலி இல்லை, வலியென்றால் எனக்குத் தெரியும்.
யாரோ உள்ளே வால்வைத் திருகி மூடுகிறார்கள்.
விரல் நுனி சில்லென்று ஆகிறது,
கொட்டாவிக்கு மேல் கொட்டாவி,
கண்ணோரம் கறுப்பு.

இருபது வருசம் ரிக் வண்டி வைத்திருந்தவன் நான்.
காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரத்துக் காடுகளில்
ராடு மேல் ராடாக இறக்கி
எண்ணூறு, ஆயிரம், ஆயிரத்து இருநூறு அடி.
கல்லெல்லாம் மாவாகப் பறந்து தலையில் உட்காரும்.
காட்டுக்காரர் வேம்படியில் நின்று
என் வாயையே பார்ப்பார்.
"புகைதானுங்" என்று சொல்லிவிட்டு
அடிக்கணக்குக்குக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு வருவேன்.

இப்போது என் காட்டில் நானே துளை போட்டு நிற்கிறேன்.
புகைதானுங்.

அந்த நூற்று நாற்பத்திரண்டையும் சுமந்துகொண்டு
கேசிங் பைப்பை ஒற்றைத் தோளில் வைத்து நடந்திருக்கிறேன்.
மூச்சு வாங்கும், வியர்வை ஊற்றும்,
இப்படிக் காலியானதில்லை.
"கொழுப்பு மட்டும் போறதில்லைங்க,
சதையும் கொஞ்சம் கூடப் போயிருது"
என்றார் டாக்டரம்மா.
உருப்படாத முதலாளி கடையைக் காலி செய்யும்போது
வேலை தெரிந்த பையனையும் கூட்டிப் போனது மாதிரி.

பாட்டிலைத் திறக்கிறேன்.
தாகம் ஒரு லாரித் தண்ணீருக்கு,
இடம் ஒரு மடக்குக்கு.
அவசரப்பட்டால் நெஞ்சுக்குழியில் நின்று நோகும்.
ஒரு மூடி.
பொறு.
இன்னொரு மூடி.

நாகர்பள்ளம்.
பாறையில் நீளமாகக் கிடக்கிறார் நாகர்,
உடம்பெல்லாம் மஞ்சளும் குங்குமமும்.
பக்கத்தில் பொத்தென்று உட்காருகிறேன்.
கராத்தே வகுப்புப் பையன்கள் இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிறார்கள்,
ஒருவன் நின்று, "தண்ணி வேணுங்களாண்ணா?"
பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறேன். பேச மூச்சில்லை.

மூன்று வாரமாய் மலையுச்சி எனக்கு இதுதான்.
வீட்டில் பரிமளத்திடம் சொல்வது வேறு:
"மேல போயிக் கும்புட்டுட்டு வந்துட்டேன்."

இதற்கு மேலேதான் அறுபதாம்படி.
அங்கே நின்று சொன்ன சத்தியம்
கோர்ட்டுக்கே போதும் என்றிருந்த காலம் உண்டாம்.
கால் அது வரைக்கும் போகாததற்குச்
சதை மட்டும்தான் காரணமா என்று
இன்றைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.
போனை எடுத்தேன்.

"நாகர்பள்ளத்துல உக்காந்துருக்கறேன்.
ஒரு நாளும் இதுக்கு மேல போனதில்ல பரிமளம்."
மிக்சி ஓடி நின்றது.
"தெரியும்."
"எப்படி?"
"தொவைக்கறது நானுங்களே.
தெனமும் பேண்ட்டுக்குப் பின்னால மஞ்ச."
குக்கர் ஒரு விசில் விட்டது.
"தண்ணிய மடமடன்னு குடிச்சுறாதீங்க.
பையப் பைய எறங்குங்."

விடிந்துவிட்டது.
கீழே ஊருக்கு வெளியே ரிக் வண்டிகள்
கம்பத்தை மடக்கிப் படுத்திருக்கின்றன.
முழங்கால் இன்னும் நடுங்குகிறது.
எழுந்து வழக்கம்போல்
பின்னால் தட்டிவிடக் கையைக் கொண்டுபோனேன்,
தட்டவில்லை.