முப்பத்தெட்டாவது வரி

பெனீஷ் துறைமுகத்தின் மீன் ஏலக்கூடத்தில்
எனக்கு ஒரு மேசை, ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்கு வெளியே ஐஸ் நொறுக்கும் இயந்திரம்.
கரை திரும்பிய படகுகளின் பட்டியலை
யார் எந்தக் கைபேசியில் திறந்தாலும் காட்டுவது
என் வேலை.

தடாலென்று வந்து விழுகிறது என்றார் பெல்மீரு,
கூடை கவிழ்த்த மத்திமீன் மாதிரி.
கொஞ்சம் பக்குவமாக வரட்டுமே.

சரி, மங்கலில் இருந்து தெளிவுக்கு.
பூஜ்யத்தில் தொடங்கு, ஒன்றில் நில்,
நடுவில் நானூறு மில்லிசெகண்டு.
எழுதினேன். ஓட்டினேன்.
பழையபடியே தடால்.

உலாவி ஓர் அவசரக்காரி.
'இராதே' என்பதையும் 'இரு' என்பதையும்
ஒரே மூச்சில் சொன்னால்
கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்வாள்.
இடையில் அவளிடம் ஏதாவது கேட்க வேண்டும்.
இந்தப் புதிய வரியின் உயரம் என்ன?
பதில் எனக்குத் தேவையில்லை.
கேட்டதற்காக அவள் அளந்தாக வேண்டும்,
அளப்பதற்கு அது அங்கே இருந்தாக வேண்டும்.
கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கணம் இருந்துவிட்டால்
பிறகு அதற்கு மெல்ல வரத் தெரியும்.

அன்று மாலை வரிகள் மிதந்து வந்தன.
எனக்கு ஆசை அடங்கவில்லை.
ஒவ்வொரு வரிக்கும் முந்தையதைவிட
நூறு மில்லிசெகண்டு தாமதம் கொடுத்தேன்.
ஆல்பத்ரோஸ், பெல மாரே, காபு நோர்த்தே
என்று வரிசை பிசகாமல் எழுந்தன.
பெல்மீரு இரண்டு முறை திறந்து பார்த்தார்.
மூன்றாம் முறை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்டோபர் வரை யாரும் குறை சொல்லவில்லை.

ஐஸ் கணக்கு எழுதும் தியோலிந்தா
காப்பி இயந்திரத்தருகே ஒருநாள் கேட்டாள்:
செஃபிரு ஏன் எப்போதும் கடைசியில் வருகிறது?
உங்கள் நெடுங்கணக்கில் அந்த எழுத்து கடைசி, என்றேன்.
தெரியும், என்றாள்.
போன வருடம் கடைசியில் இருந்தது.
இப்போது கடைசியில் வருகிறது.

மேசைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டேன்.
முப்பத்தெட்டு படகுகள்.
முப்பத்தெட்டாவது, அவள் மகன் வலை இழுக்கும் படகு,
மூன்று புள்ளி ஏழு விநாடி
வந்துவிட்ட பின்னும் வராமல் இருந்திருக்கிறது.
ஒவ்வோர் இரவும்.
பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தாமதத்தை அழித்தேன்.
எல்லாப் படகும் ஒன்றாக, நூற்றைம்பதில்.
பெல்மீருவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

பிறகு அந்த வியாழன்.
பெர்லெங்கா தீவையே விழுங்கிய மூடுபனி.
வீட்டிலிருந்து சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன்.
முப்பத்தேழு வரி.
ஒரே ஒரு கைபேசி
பதினொரு விநாடிக்கு ஒரு தடவை
கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு தட்டலுக்கும் அந்த முப்பத்தேழையும்
என் நிரல்
மென்மையாக ஏந்திக் காட்டிக்கொண்டிருந்தது.
வந்தவற்றுக்கு எத்தனை விதமாகவும் எழுதுவேன்.
வராததற்கு என்னிடம் ஒன்றுமில்லை,
உயரம் கேட்கக்கூட.

நான்கு நாற்பதுக்குத் தட்டல் நின்றது.
நின்றதும் எனக்கு வயிறு ஒரு மாதிரி ஆயிற்று.
காரை எடுக்கலாமா என்று நினைத்தேன், எடுக்கவில்லை.
திரையைப் பார்த்தபடி பல் துலக்கினேன்.

ஐந்து ஐந்துக்கு
முப்பத்தெட்டாவது வரி.
பூஜ்யத்தில் தொடங்கி ஒன்றில் நின்றது,
என் ஒருவன் திரையில்.

காலையில் தியோலிந்தா சொன்னாள்:
பேட்டரி தீர்ந்துவிட்டது.
அலைதடுப்புச் சுவர் முடியும் இடம்வரை நடந்தேன்.
முதலில் இன்ஜின் சத்தம்.
அப்புறம் ஒரு பச்சை விளக்கு,
பச்சைதானா என்று தெரியாத பச்சை.
எவ்வளவு நேரம் அப்படி என்று கேட்காதே.

நான் கேட்கவில்லை.
ரசீதுக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஐஸ் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் போனாள்.