இருப்பு

நின்றுகொண்டு சுடுவது சினிமா போஸ்டருக்கு.
நின்றால் என் மூச்சு குழலின் நுனிவரை போய்விடுகிறது.
குறிமுள் பன்றியை விட்டு வாழைக்கு,
வாழையை விட்டுப் பொத்தைக்கு,
பொத்தையை விட்டு நிலாவுக்கு.
நிலாவைச் சுட எனக்கு லைசென்ஸ் இல்லை.

களக்காட்டுக்கு மேற்கே, மலை இறங்கி வந்து
தோட்டத்தில் கால் வைக்கிற இடம்.
கதலி குலைதள்ளி இருபது நாள்.
மூன்று ராத்திரியில் நாற்பது மூடு சாய்ந்து கிடந்தது.
நாங்குநேரியில் கையெழுத்துப் போட்டு
ஆறு தோட்டா வாங்கி வந்தேன்.

வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்தேன்.
பனையில் சாய்ந்தால், மேல்காற்றுக்கு மரம் ஆடவில்லை,
ஓலை ஆடியது;
அந்த ஆட்டம் தண்டு வழியே இறங்கி என் தோளுக்கு வந்தது.
குப்புறப் படுத்தால் கை கல்லாகிவிடும், நிஜம்தான்.
ஆனால் நெருஞ்சி. அதோடு கண்மட்டத்தில் கோரை.
கோரைக்குள் பன்றியா, பன்றி மாதிரிக் கோரையா?

பாறை ஒன்று உண்டு,
வாங்கின வெயிலை ராத்திரி பத்து மணிவரை திருப்பிக் கொடுக்கும்.
வெறும் பாறைமேல் துப்பாக்கியை வைக்கக் கூடாது,
வெடிக்கிற நொடியில் துள்ளிக் குண்டு மேலே போகும்.
புண்ணாக்குச் சாக்கில் ஓடைமணல் கால்வாசி அள்ளிப் போட்டு
நடுவில் கைவிளிம்பால் வெட்டினேன் ஒரு பள்ளம்.
முன்கட்டை அதில் தானாகப் படுத்துக்கொண்டது.

பின்னால் உட்கார்ந்தேன். கால்களை அகட்டி,
முழங்கைகளை முட்டிச்சிரட்டைக்கு உள்பக்கம் சதையில் ஊன்றி.
எலும்புமேல் எலும்பு வழுக்கும்,
சம்பந்திகள் இரண்டுபேரை ஒரே கட்டிலில் உட்காரவைத்த மாதிரி.

கண்ணை மூடிப் பத்து எண்ணித் திறந்தேன்.
குறிமுள் மூன்று முழம் தெற்கே நின்றது.
கையால் தள்ளிக் கொண்டுவரலாம்,
கை தளர்ந்ததும் திரும்பிப் போய்விடும்.
குண்டியை ஒரு சாண் நகர்த்தினேன்.
மூடினேன், திறந்தேன்.
துப்பாக்கி தானே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு வந்தது, ஒற்றைப் பன்றி.
பிடரிமயிர் தூக்கி, மூட்டை மோந்து,
பக்கவாட்டில் முழுசாக.
பாதி மூச்சை விட்டு மீதியைப் பிடித்தேன்.
துப்பாக்கி எடுத்த ஒன்பது வருஷத்தில்
முதல் தடவையாகக் குறிமுள் அசையவில்லை.

அதனால்தான் தெரிந்தது.
பன்றியின் முதுகுக்கு மேலே, வெகுதூரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி.
நின்று பார்த்திருந்தால் மின்மினி என்றிருப்பேன்,
ஆடுகிற கண்ணுக்கு எல்லாம் மின்மினி.
மின்மினி பச்சையாக எரியும்.
இது சிவந்தது. மங்கியது.
கொஞ்சம் இழுத்துச் சிவந்தது.

பூலுடையார்.
வரப்பில் குத்தவைத்து மடைக்குக் காவல், வாயில் பீடி.
அவர் மூச்சை நான் மூச்சில்லாமல் எண்ணினேன். நான்கு.
விரலை வளையத்துக்கு வெளியே எடுத்தேன்.
பன்றி ஒரு மூட்டை நிதானமாகச் சாய்த்துக்
கிழங்கைக் கடித்தது. நறநறவென்று கேட்டது.

காலையில் பூலுடையார் வந்து பார்த்தார்.
"ராத்திரி பூரா இங்கனதான இருந்தீரு? தூங்கிட்டீரோ?"
"ஆமா வே. நல்ல இடம்லா, அசந்துட்டேன்."

தாலுகா ஆபீசில் நோட்டை விரித்தார்கள்.
வாங்கியது ஆறு. செலவு இல்லை.
இருப்பு என்ற கட்டத்தில் ஆறு.
எங்கே உட்கார்ந்தேன் என்று கேட்கக் கட்டம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி
சாக்கைப் பாறையின் வடக்கு ஓரத்துக்கு மாற்றிப் போட்டேன்.
அங்கிருந்து பார்த்தால் பன்றி வரும் தடத்துக்குப் பின்னால்
குளத்துக்கரை மண் மட்டும்தான்.
இடம் சரிவு. குறுக்கு வலிக்கும்.