மேல்கைக்கும் கணுக்காலுக்கும் நடுவே

பிப்ரவரி, காலை ஏழு மணி.
நகர மன்றக் கூடத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு
இருமி இருமிப் பற்றிக்கொள்கிறது.
வாசலில் வரிசையாக ரப்பர் பூட்ஸ்,
ஒவ்வொன்றின் கீழும் கொஞ்சம் உருகிய பனி.
இவர்களில் நோயாளி என்று ஒருவரும் இல்லை.
கடிதம் வந்தது, வந்திருக்கிறார்கள்,
வெறும் வயிற்றோடும்
அதற்கான சிடுசிடுப்போடும்.

பட்டை கட்டுவது என் வேலை.
இரண்டு மேல்கை, இரண்டு கணுக்கால்,
நெஞ்சின் மேல் குட்டி ஒலிவாங்கி.
நான்கு பட்டையும் ஒன்றாய் உப்பி இறுகும்போது
படகில் வரிந்து கட்டிய சரக்குபோல் விழிப்பார்கள்.
பேசாதீர்கள், என்பேன்.
நுமாஜிரியிடம் மட்டும் அது நடக்காது.

சிப்பிப் படகுக்காரர், அறுபத்தொன்று.
கடல் உறைந்துவிட்டால் படகு கரையேறும்,
இவர் பியருக்குள் இறங்குவார்.
கூடவே காட் மீனின் விந்துப்பை,
வெண்ணெய்போல் நாக்கிலேயே கரைவது.
கால் பெருவிரல் மூட்டைப் பெருமையாகக் காட்டினார்:
"போன வாரம் போர்வை பட்டாலே அலறினேன், தெரியுமா?"
தெரியும். அவர் ரத்தத்தில் யூரிக் அமிலம்
ஒன்பது புள்ளி ஒன்று.

செத்த செல்லிலும் செரித்த மீனிலும்
மிச்சமாகித் தேங்குகிற கடைசி உப்பு அது.
மற்ற மிருகங்கள் பலவும்
இன்னும் ஒரு படி உடைத்துக் கரைத்துவிடுகின்றன.
நமக்கு அந்தப் படி
எந்தக் காட்டிலோ தவறி விழுந்துவிட்டது.
கெட்டதென்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை;
ரத்தத்தில் அது வேலி,
குழாய்ச் சுவருக்குள் நுழைந்தால்
அதே வேலி பயிரை மேய்கிறது.

இதயம் ஒரு தட்டுத் தட்டும்.
அலை மேல்கைக்கு எப்போது வந்தது,
கணுக்காலுக்கு எப்போது என்று
இயந்திரம் கணக்கெடுக்கும்.
நெகிழ்ந்த குழாயில் நிதானமாக வரும்.
இறுகிய குழாயில் ஓட்டமாய் ஓடிவரும்.
வேகம் நல்லதில்லை என்பதை
இந்த ஊர் நம்பவே மறுக்கிறது;
பெரிய எண் கிடைத்தவர்
பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சிரிக்கிறார்.

நுமாஜிரிக்கு நொடிக்குப் பதின்மூன்று மீட்டர்.
இளைஞனின் குழாய்.

அடுத்துப் படுத்தவள் கினுயே, அஞ்சல்காரி.
ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, புகைப்பதில்லை,
சங்கிலி சுற்றிய சிவப்பு மோட்டார் சைக்கிளில்
பனியெல்லாம் உழுதுகொண்டு போகிறவள்.
அமிலம் ஐந்து புள்ளி நான்கு;
எந்தத் தாளிலும் அதற்குச் சிவப்பு மை கிடையாது.
அலை: பத்தொன்பது.
அவிழ்த்துக் கட்டினேன். மறுபடியும்
பத்தொன்பது.
"நான் மீன்கூட அதிகம் தின்பதில்லையே" என்றாள்,
என்னிடம் அல்ல, கூரையிடம்.

மருத்துவர் ஹோஷினா பிறகு வரைபடம் காட்டினார்.
ஊர் முழுவதும் புள்ளிகள்,
நடுவே மேலேறும் ஒரு கோடு.
உப்பு கூடக்கூடக் குழாய் இறுகுகிறது;
வயதைக் கழித்தும், எடையைக் கழித்தும்,
சிகரெட்டைக் கழித்தும் ஏறுகிறது.
எது முந்தி, எது பிந்தி
என்று கோட்டிடம் கேட்கக் கூடாது, என்றார்.
நான் கோட்டைப் பார்க்கவில்லை.
அதற்கு வெகு கீழே வலப்பக்கம் ஒரு புள்ளி
கால்விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.
வெகு மேலே இடப்பக்கம் ஒன்று
கூரையோடு பேசிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் முடிவுகளை உறையிலிட்டு
அஞ்சலில் சேர்த்தேன்.
சேர்த்த பிறகுதான் உறைத்தது,
யார் பையில் போகும் என்று.

எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பதால் பார்த்தேன்.
ஊரெல்லாம் கொடுத்து முடித்து
இருட்டும் நேரத்தில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள்.
பையின் அடியில் ஒரே ஓர் உறை.
முகவரியை வாசித்தாள், மற்ற வீடுகளில் வாசிப்பதுபோலவே.
கதவின் பிளவில் போட்டாள்.
கையுறையைக் கழற்றிச் சாவியைத் தேடினாள்.
அப்புறம் திறந்து, குனிந்து,
உள்ளிருந்து எடுத்தாள்.